வலைக்கு இப்பால் நடக்கும் ஆட்டம்

1993ஆம் ஆண்டு ஜூலை மாதம். லண்டன் நகரின் விம்பிள்டன் மைதானத்தில் பெண்கள் ஒற்றையர் இறுதிப் போட்டி நடந்துகொண்டிருந்தது. வலைக்கு ஒருபுறம், அதற்கு முன்பே நான்கு முறை அங்கே கோப்பை வென்றிருந்த ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃப். மறுபுறம் செக் நாட்டைச் சேர்ந்த யானா நொவோட்னா. வயது 24. முதல் செட்டை கிராஃப் மிகவும் போராடித்தான் எடுத்தார். இரண்டாவது செட்டை நொவோட்னா 6-1 என்று அநாயாசமாக வென்றார். மூன்றாவது செட்டில் 4-1 என்று முன்னணி. சர்வீஸும் அவருடையதே. அந்தக் கேமில் 40-30. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் 5-1. கோப்பையைக் கையால் தொட்டுவிடும் தூரம்.

முதல் சர்வீஸ் தவறியது. இரண்டாவது சர்வீஸும் கட்டத்துக்குள் விழவில்லை. இதை 'டபுள் ஃபால்ட்' என்பார்கள். புள்ளி எதிராளிக்குப் போய்விடும். அந்தக் கேம் கைநழுவியது. அதன்பின் நொவோட்னாவால் ஒரு கேம்கூட எடுக்க முடியவில்லை. அடுத்தடுத்து ஐந்து கேம்களை வென்று, 6-4 என்று செட்டையும் கோப்பையையும் கிராஃப் எடுத்துக்கொண்டார். பரிசளிப்பின்போது நொவோட்னா, கோப்பை வழங்க வந்த கென்ட் சீமாட்டியின் தோளில் முகம் புதைத்து அழுத படம் உலகத்துப் பத்திரிகைகளிலெல்லாம் வந்தது.

மாணவ நண்பர்களே, ஒன்றைச் சிந்தித்துப் பாருங்கள். 4-1 என்று இருந்தபோது அவர் கையில் இருந்த மட்டைதான் 4-4 என்று ஆனபோதும் இருந்தது. அதே கை, அதே பந்து, அதே புல்தரை. பத்து நிமிடத்தில் ஒருவருக்கு ஆட்டம் மறந்துபோகுமா? போகாது. பின் எது மாறியது? 'தைரியம் போய்விட்டது' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் தைரியம் என்ற சொல் எதையும் விளக்குவதில்லை. பயம் மனத்தில் தோன்றுகிறது. பந்தோ வலையில் போய் முட்டுகிறது. இரண்டுக்கும் நடுவே என்ன நடக்கிறது என்பதல்லவா நமக்குத் தெரியவேண்டும்?

ஒரு தாளும் அடிக்கோலும்

டென்னிஸில் எதிராளியின் குறுக்கீடு சிறிதும் இல்லாத அடி ஒன்றே ஒன்றுதான். அது சர்வீஸ். ஆட்டக்காரர் தாமே பந்தை மேலே எறிகிறார், தாமே அடிக்கிறார். ஆகவே மனத்தின் வேலையைத் தனியே பிரித்துப் பார்க்க அதுவே நல்ல இடம்.

ஒரு தாளையும் அடிக்கோலையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் என்று அளவு வைத்துக்கொள்வோம். ஆட்டக்களத்தின் கடைசிக் கோட்டிலிருந்து வலை 11.89 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. வலைக்கு அப்பால் 6.40 மீட்டரில் சர்வீஸ் கோடு. பந்து அந்தக் கோட்டுக்குள் விழவேண்டும். மொத்தம் 18.29 மீட்டர். எனவே 18.3 சென்டிமீட்டர் நீளத்துக்குத் தரைக்கோடு ஒன்று வரையுங்கள். 11.9 சென்டிமீட்டரில் 0.91 சென்டிமீட்டர் உயரத்துக்கு வலையை நிறுத்துங்கள். வலையின் நடு உயரம் 0.914 மீட்டர். இனி, நெட்டையான ஓர் ஆட்டக்காரர் கையை உயர்த்திப் பந்தை அடிக்கும் உயரம் சுமார் 2.7 மீட்டர். தரைக்கோட்டின் தொடக்கத்தில் அதையும் குறித்து, அங்கிருந்து சர்வீஸ் கோட்டுக்கு நேர்க்கோடு ஒன்று இழுங்கள்.

கோடு வலையின் தலையை உரசிக்கொண்டு போகிறது, பார்த்தீர்களா? இடைவெளி 3 சென்டிமீட்டர்தான். பந்தின் ஆரமே அதைவிடச் சற்று அதிகம். அதாவது பந்து நூல் பிடித்தாற்போல நேர்க்கோட்டில் போகுமானால், 2.7 மீட்டர் உயரத்திலிருந்து அடிக்கும் எந்த சர்வீஸும் வலையைத் தொடாமல் கட்டத்துக்குள் விழாது!

நல்லவேளையாகப் புவியீர்ப்பு இருக்கிறது. அது பந்தின் பாதையைக் கீழ்நோக்கி வளைக்கிறது. அதனால் மட்டையிலிருந்து கிளம்பும் பந்தின் கோணம் ஓர் எல்லைக்குள் எப்படி இருந்தாலும் சர்வீஸ் சரியாக விழும். அந்த எல்லை எவ்வளவு அகலம்? காற்றின் தடையையும் பந்தின் சுழற்சியையும் ஒதுக்கிவிட்டுக் கணக்கிட்டால், மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கும் பந்துக்குச் சுமார் 0.7 பாகைதான் கிடைக்கிறது. கடிகாரத்தின் பெரிய முள் ஏழு விநாடியில் நகரும் அளவு! வேகத்தை 108 கிலோமீட்டராகக் குறைத்தால் இரண்டு பாகை, ஏறக்குறைய மூன்று மடங்கு. மேல்நோக்கிச் சுழலவிட்டு அடித்தால் பந்து இன்னும் கீழே வளையும், எல்லை இன்னும் விரியும். இரண்டாவது சர்வீஸை எல்லாரும் மெதுவாகவும் சுழலவிட்டும் அடிப்பது இதற்காகத்தான். பிளஸ் டூ படிக்கும் மாணவர்கள் எறிபொருள் பாடத்தை வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம்.

ஆக, தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் நாளெல்லாம் செய்துகொண்டிருப்பது, ஒன்று இரண்டு பாகைக்குள் அடங்கும் வேலை. அதைக் கெடுக்கப் பெரிய பயம் தேவையில்லை. கொஞ்சம் போதும்.

துண்டை உதறிப் பாருங்கள்

ஈரத் துண்டு ஒன்றைக் கையில் எடுத்துத் தளர்வாகப் பிடித்து ஓங்கி உதறுங்கள். 'படார்' என்று சத்தம் வரும். இப்போது தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாவற்றையும் விறைப்பாக வைத்துக்கொண்டு அதே துண்டை உதறுங்கள். எவ்வளவு பலம் கொடுத்தாலும் அந்தச் சத்தம் வராது. கை வலிப்பதுதான் மிச்சம்.

சர்வீஸும் ஒரு வகையில் துண்டு உதறுவதுதான். காலில் தொடங்கும் அசைவு இடுப்புக்கும், இடுப்பிலிருந்து தோளுக்கும், தோளிலிருந்து முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேரவேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு தசை சுருங்கும்போது அதற்கு எதிரான தசை தளர்ந்து வழிவிட வேண்டும். கையை நீட்டும்போது பின்புறத் தசை சுருங்குகிறது, முன்புறத் தசை தளர்கிறது. பயம் வரும்போது நடப்பது என்ன? அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, தசைகள் ஓடவோ சண்டையிடவோ தயாராகின்றன. எதிர் எதிரான இரண்டு தசைகளும் ஒரே நேரத்தில் இறுகிக்கொள்கின்றன. வண்டியை ஓட்டிக்கொண்டே பிரேக்கையும் அழுத்துவது போல! மட்டையின் வேகம் குறைகிறது, கோணம் மாறுகிறது, பந்து வலைக்குப் போகிறது. ஆட்டக்காரர்கள் இதை 'கை இறுகிவிட்டது' என்பார்கள். உவமை என்று நினைக்காதீர்கள். உள்ளதை உள்ளபடியே சொல்கிறார்கள்.

இது பாதிக் கதை. இன்னொரு பாதி கவனத்தைப் பற்றியது. நன்றாகக் கோலம் போடும் பாட்டியோ அத்தையோ உங்கள் வீட்டில் இருந்தால், 'எந்த விரல் எப்போது மாவை விடுகிறது என்று பார்த்துக்கொண்டே போடுங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். இழை நடுங்கும், அல்லது நடுவில் அறுந்துபோகும். 'போடா, உன்னால் கோலமே கெட்டது' என்று திட்டும் கிடைக்கும். பல்லாயிரம் முறை பழகிய செயல் மூளையில் முழுச் செயலாகவே பதிந்திருக்கிறது. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து மேற்பார்வை செய்யத் தொடங்கினால் ஓட்டம் தடைப்படுகிறது.

அமெரிக்க உளவியலார் ராய் பாமைஸ்டர் 1984ஆம் ஆண்டிலேயே, நெருக்கடியான நேரத்தில் மனிதன் தன் செயலைத் தானே கவனிக்கத் தொடங்குவதுதான் தடுமாற்றத்துக்குக் காரணம் என்று எழுதினார். பிறகு 2000ஆம் ஆண்டையொட்டி சயன் பைலாக் என்ற பெண் உளவியலாரும் அவருடன் சேர்ந்தவர்களும் கோல்ஃப் ஆட்டக்காரர்களை வைத்துச் சோதனைகள் செய்தார்கள். தங்கள் கையசைவைக் கவனித்துக்கொண்டே பந்தைத் தள்ளும்படி சொன்னபோது, தேர்ந்தவர்களின் ஆட்டம் கெட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கோ அதே கவனம் உதவியாக இருந்தது. இது மிக முக்கியமான வேறுபாடு. 'கவனமாகச் செய்' என்று எல்லாருக்கும் எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கும் எங்களைப் போன்ற ஆசிரியர்களும் கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம்!

சிறியதைப் பெரியதாக்கும் கணக்கு

இதுவரை படித்தவர்கள், டென்னிஸ் முழுவதுமே மனத்தால் ஆடப்படும் ஆட்டம் என்ற முடிவுக்கு வந்திருப்பீர்கள். பத்திரிகைகளும் அப்படித்தான் எழுதுகின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. அளந்து பார்த்தவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்போம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிராங்க் கிளாசன், யான் மாக்னஸ் என்ற இரு பொருளாதாரப் புள்ளியியல் அறிஞர்கள், 1992 முதல் 1995 வரை விம்பிள்டனில் ஆடப்பட்ட ஏறக்குறைய 90,000 புள்ளிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். நொவோட்னா அழுத ஆண்டும் அதில் அடக்கம். நெருக்கடியான புள்ளிகளில் சர்வீஸ் செய்பவரின் வெற்றி வாய்ப்பு உண்மையிலேயே குறைகிறதா? ஆம், குறைகிறது. ஒரு புள்ளியை வென்றவருக்கு அடுத்த புள்ளியிலும் வாய்ப்புச் சற்றுக் கூடுகிறது. தரவரிசையில் கீழே உள்ளவர்களிடம் இந்த விளைவுகள் அதிகமாகத் தெரிகின்றன. ஆனால் விளைவின் அளவு? மிகச் சிறியது. பெரும்பாலான கணக்குகளுக்கு அதை ஒதுக்கிவிடலாம் என்னும் அளவுக்குச் சிறியது.

அப்படியானால் மனத்துக்கு ஏன் இவ்வளவு பெயர்? விடை, டென்னிஸின் புள்ளி முறையில் ஒளிந்திருக்கிறது.

கிரிக்கெட்டில் எடுத்த ஓட்டம் கணக்கில் நிற்கும். டென்னிஸில் அப்படி இல்லை. நான்கு புள்ளி எடுத்து, இரண்டாவது முன்னணியில் இருந்தால் ஒரு கேம். ஆறு கேம் எடுத்து, இரண்டு முன்னணியில் இருந்தால் ஒரு செட். ஆறுக்கு ஆறு என்றானால் 'டைபிரேக்' என்ற ஒரு தனிக் கேம். மூன்று செட்டில் இரண்டு எடுத்தால் வெற்றி. பெரிய போட்டிகளில் ஆண்களுக்கு ஐந்தில் மூன்று. ஒவ்வொரு கேம் முடிந்ததும் பழைய புள்ளிகள் அழிந்துபோகின்றன.

ஓர் ஆட்டக்காரர் ஒவ்வொரு புள்ளியையும் வெல்லும் நிகழ்தகவு 100க்கு 54 என்று வைத்துக்கொள்வோம். சர்வீஸ் யாருடையது என்ற வேறுபாட்டை இப்போதைக்கு விட்டுவிடலாம். கணக்கிட்டால், அவர் ஒரு கேமை வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 60. ஒரு செட்டை வெல்லும் வாய்ப்பு 76. மூன்று செட் ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 86! வானொலிப் பெட்டிக்குள் இருக்கும் பெருக்கி மெல்லிய அலையைப் பெரிய ஒலியாக்குவது போல, இந்தப் புள்ளி முறை நூற்றுக்கு நான்கு என்ற சிறு மேன்மையைப் பெரிய வெற்றியாக்கிவிடுகிறது.

பெருக்கி நல்லதை மட்டும் பெருக்காது. இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும். அதே ஆட்டக்காரருக்கு மனக்கலக்கத்தால் 54 என்பது 52 ஆகிவிட்டது என்று கொள்ளுங்கள். நூறு புள்ளியில் இரண்டே இரண்டு குறைவு. பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்குக்கூடத் தெரியாது. இப்போது கேம் 55, செட் 64, ஆட்டம் 70. நூறு ஆட்டத்தில் 86 வென்றிருக்கவேண்டியவர் 70தான் வெல்கிறார். மனத்தின் பங்கு ஒரு புள்ளியில் அணுவளவு, முடிவில் மலையளவு. கிளாசனும் மாக்னஸும் கண்டதும் சரி, ஆட்டக்காரர்கள் புலம்புவதும் சரி.

54 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. சுவிட்சர்லாந்தின் ரோஜர் ஃபெடரர் 2024 ஜூன் மாதம் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பேசும்போது, தாம் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டை வென்றதாகவும், ஆனால் வென்ற புள்ளிகள் 54 விழுக்காடு மட்டுமே என்றும் சொன்னார். 86 வரவேண்டியது ஏன் 80 என்று கேட்பீர்கள். 54 என்பது சராசரி. ஒருநாள் எளிய எதிராளி, ஒருநாள் கடினமான எதிராளி. எளிய எதிராளியிடம் கூடுதலாக எடுத்த புள்ளிகளை மறுநாளுக்குச் சேமித்து வைக்க முடியாது. இன்னொரு சுவையான செய்தி: மேலே கோல்ஃப் சோதனை பற்றிச் சொன்னேனே, அந்த சயன் பைலாக்தான் 2023 முதல் அந்தக் கல்லூரியின் தலைவர்.

ஃபெடரர் மாணவர்களுக்குச் சொல்லவந்தது இதுதான்: ஏறக்குறைய இரண்டு புள்ளிக்கு ஒன்று தோற்றுக்கொண்டே இருக்கும்போது, தோற்ற புள்ளியை நினைத்துக்கொண்டு அடுத்த புள்ளியை ஆடக்கூடாது. அறிவுரை போலத் தோன்றினாலும், என் கண்ணுக்கு அது கணக்கின் நேரடி விளைவாகவே தெரிகிறது.

கல்கத்தாவில் 1966

இந்தப் புள்ளி முறைக்கு இன்னொரு முகமும் உண்டு. கால்பந்தில் முன்னணியில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நேரத்தைக் கடத்தலாம். டென்னிஸில் கடிகாரம் இல்லை. கடைசிப் புள்ளியை எடுத்தே ஆகவேண்டும். எடுக்காதவரை எதிராளிக்கு உயிர் இருக்கிறது.

நம் சென்னையின் ராமநாதன் கிருஷ்ணனை உங்கள் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். 1960, 1961 இரண்டு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போனவர். 1966ஆம் ஆண்டு டேவிஸ் கோப்பையில் இந்தியாவும் பிரேசிலும் கல்கத்தாவில் மோதின. இரு நாடுகளும் 2-2 என்று சமநிலை. கடைசி ஆட்டம் கிருஷ்ணனுக்கும் தாமஸ் காக்குக்கும். மூன்று செட் முடிந்தபோது காக் இரண்டு செட் வென்றிருந்தார். நான்காவது செட்டிலும் கிருஷ்ணன் 2-5 என்று பின்தங்கியிருந்தார். காக் இன்னும் ஒரே ஒரு கேம் எடுத்தால் போதும். எடுக்க முடியவில்லை. கிருஷ்ணன் தொடர்ந்து ஐந்து கேம் வென்று 7-5 என்று செட்டை மீட்டார். ஐந்தாவது செட்டையும் 6-2 என்று வென்றார். இந்தியா முதன்முறையாக டேவிஸ் கோப்பை இறுதிப் போட்டிக்குப் போனது. மெல்போர்னில் ஆஸ்திரேலியாவிடம் தோற்றது என்பது வேறு விஷயம்.

2-5 என்ற நிலையில் கிருஷ்ணன் ஐந்து கேம்களை வெல்லவேண்டும் என்று நினைத்திருந்தால் மலைத்துப் போயிருப்பார். ஆனால் எந்த நேரத்திலும் ஒருவரால் ஆடக்கூடியது ஒரு புள்ளியைத்தான். முன்னணியில் இருந்தவருக்குத்தான் கோப்பை கண்ணில் தெரிகிறது. பின்தங்கியவருக்குப் பந்து மட்டும் தெரிகிறது.

பந்து ஆடாத நேரம்

மூன்று மணி நேரம் ஓர் ஆட்டம் நடந்தது என்று படிக்கிறோமே, அதில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருப்பது எவ்வளவு நேரம்? பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மீதியெல்லாம் நடப்பது, துடைத்துக்கொள்வது, உட்கார்வது, பந்தைத் தட்டிக்கொண்டு நிற்பது. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 25 விநாடி அனுமதி. பக்கம் மாறும்போது 90 விநாடி. ஒற்றையர் ஆட்டத்தில் பேச்சுத் துணைகூடக் கிடையாது; ஆட்டத்தின் நடுவே பயிற்சியாளர் யோசனை சொல்வதற்கே பல காலம் தடை இருந்தது. 2025ஆம் ஆண்டில்தான் சர்வதேச விதி பொதுவாகத் தளர்ந்தது. பந்து பறந்துவரும் அரை விநாடியில் பயப்பட நேரமில்லை. பயம் குடியேறுவது இந்த 25 விநாடிகளில்தான்.

1980களில் அமெரிக்க விளையாட்டு உளவியலார் ஜிம் லோயர் இதைக் கவனித்தார். சிறந்த ஆட்டக்காரர்களுக்கும் மற்றவர்களுக்கும் என்ன வேறுபாடு என்று தேடி, புள்ளி நடக்கும்போது எடுத்த படங்களை எவ்வளவு பார்த்தும் அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு புள்ளிகளுக்கு நடுவில் அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தார். அங்கே விடை இருந்தது. சிறந்தவர்கள் ஒரு தவறுக்குப் பின் முதலில் முகம் திருப்பி நடந்தார்கள். தோளைத் தொங்கவிடவில்லை. மட்டையை மற்றக் கைக்கு மாற்றி, அடித்த கைக்கு ஓய்வு கொடுத்தார்கள். மூச்சை நிதானமாக விட்டார்கள். கண்ணை மட்டையின் நரம்புகளில் நிறுத்தினார்கள், கூட்டத்தில் அலையவிடவில்லை. அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று தீர்மானித்தார்கள். கடைசியாக, எப்போதும் செய்யும் ஒரு சிறு சடங்கு: இத்தனை முறை பந்தைத் தட்டுவது போல. இவ்வாறு செய்பவர்களின் இதயத் துடிப்பு அந்த இடைவெளிக்குள் நிமிடத்துக்கு இருபது வரைகூடக் குறைந்ததாக அவர் எழுதியிருக்கிறார்.

ஸ்பெயினின் ரஃபேல் நடால் ஆடிய நாட்களில், தம் இருக்கைக்கு முன்னால் இரண்டு தண்ணீர்ப் புட்டிகளைக் குறிப்பிட்ட கோணத்தில் அடுக்கிவைப்பார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். மூடநம்பிக்கை அல்ல, சுற்றுப்புறத்தை ஒழுங்காக்கித் தம் மனத்தை ஆட்டத்துக்குள் நிறுத்தும் வழி என்பது அவர் தந்த விளக்கம். தேர்வு மண்டபத்தில் மேற்பார்வைக்குப் போகும்போது நான் பார்ப்பதுண்டு. வினாத்தாள் வருமுன் பேனாவைத் திறந்து, மூடி, ஓரக்கோடு போட்டு, கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் நேராக வைக்கும் பையன்கள் இருக்கிறார்கள். செய்யட்டும். கையையும் கண்ணையும் ஒரு சிறு வேலையில் நிறுத்தினால் கற்பனைக்கு இடம் குறைகிறது.

1980 விம்பிள்டன் இறுதியில் சுவீடனின் பியான் போர்க்குக்கு நேர்ந்ததைக் கேளுங்கள். நான்காவது செட்டில், இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை என்ற நிலை அவருக்கு ஏழு முறை வந்தது. ஏழு முறையும் ஜான் மெக்கன்ரோ தப்பித்துக்கொண்டார். டைபிரேக் 18-16 என்று மெக்கன்ரோவுக்குப் போனது. தோற்றுவிடுவோமோ என்ற எண்ணம் தமக்கும் வந்ததாகப் போர்க் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 'பனிமனிதன்' என்று பெயர் வாங்கியவருக்கே அப்படி! ஆனால் ஐந்தாவது செட்டில் அவர் தம் சர்வீஸில் ஒரு கட்டத்தில் தொடர்ந்து 19 புள்ளிகளை வென்றார். 8-6 என்று கோப்பையை எடுத்தார். பயம் அவருக்கும் வந்தது. அடுத்த புள்ளி வரை அது தங்கவில்லை.

நீங்களே செய்யக்கூடிய பயிற்சி ஒன்றும் இருக்கிறது. டிமதி கால்வே என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் 1974இல் டென்னிஸின் உள் ஆட்டத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பந்து தரையில் படும் கணத்தில் ஒரு சொல், மட்டையில் படும் கணத்தில் ஒரு சொல் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடச் சொல்வார். நாம் 'தரை', 'மட்டை' என்று வைத்துக்கொள்ளலாம். சரியான கணத்தில் சொல்வது மட்டுமே வேலை. நன்றாக அடிக்கவேண்டும் என்பதை மறந்துவிட வேண்டும். பூப்பந்தைத் தவிர, தரையில் துள்ளும் எந்தப் பந்து ஆட்டத்திலும் இதைச் செய்து பார்க்கலாம். பலருக்கு அடி தானாகவே சீராகும். மனிதனுக்குள் கட்டளையிடும் ஒருவன், செய்யும் ஒருவன் என்று இருவர் இருப்பதாகக் கால்வே கொடுத்த விளக்கத்தை அறிவியல் என்று ஏற்க எனக்குத் தயக்கம். ஆனால் கவனத்தைக் கையிலிருந்து பந்துக்கு மாற்றும் உபாயம் என்ற அளவில் அது, பின்னால் வந்த சோதனைகளோடு ஒத்துப்போகிறது.

பெக்கரின் நாக்கு

மனத்தின் வேலை பயத்தை அடக்குவது மட்டுமல்ல. எதிராளியின் மனத்தைப் படிப்பதும்தான். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் வரும் சர்வீஸ் களத்தைக் கடந்து எதிராளியை அடைய ஏறக்குறைய அரை விநாடி. கண்ட பொருளுக்கு மனிதன் அசையத் தொடங்கவே 0.2 விநாடி ஆகும். மட்டையைச் சுழற்றவும் நேரம் வேண்டும். ஆகவே பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். தேர்ந்தவர்கள் பந்து அடிபடுவதற்கு முன்பே, அது எறியப்படும் இடத்தையும் தோளின் திருப்பத்தையும் பார்த்துத் திசையை ஊகிக்கிறார்கள். மட்டை பந்தைத் தொடும் கணத்தில் திரைப்படத்தை நிறுத்தி, 'பந்து எங்கே போகும்?' என்று கேட்கும் சோதனைகளில், புதியவர்களைவிட அவர்கள் நன்றாகவே விடை சொல்கிறார்கள்.

ஜெர்மனியின் போரிஸ் பெக்கருடன் ஆடிய முதல் மூன்று ஆட்டங்களிலும் அமெரிக்காவின் ஆந்த்ரே அகாஸி தோற்றார். பிறகு பெக்கரின் ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் படத்தில் பார்த்து ஒன்றைக் கண்டுபிடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார். சர்வீஸ் செய்யுமுன் பெக்கர் நாக்கை லேசாக நீட்டுவார். நாக்கு எந்தப் பக்கமோ, பந்தும் அந்தப் பக்கம்! கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது, கண்டுபிடித்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருப்பதுதானாம். எல்லா சர்வீஸையும் திருப்பியடித்தால் பெக்கருக்குச் சந்தேகம் வந்துவிடும். எனவே தேவையான புள்ளிகளில் மட்டும் அதைப் பயன்படுத்தினார். இருவரும் மோதிய 14 ஆட்டங்களில் 10 அகாஸிக்கு. இருவரும் ஓய்வுபெற்ற பிறகுதான் பெக்கரிடம் இதைச் சொன்னாராம்.

நொவோட்னா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1997இல் மீண்டும் விம்பிள்டன் இறுதிக்கு வந்து மார்ட்டினா ஹிங்கிஸிடம் தோற்றார். 1998இல் மூன்றாம் முறையாக வந்து, நத்தாலி தோஸியாவை 6-4, 7-6 என்று வென்று கோப்பையைப் பெற்றார். அதே கென்ட் சீமாட்டிதான் வழங்கினார். 2017இல் நொவோட்னா நோயுற்றுக் காலமானார்.

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன நடுக்கம் ஆட்டத்தோடு வருவது, ஆட்டத்தோடு போவது. அதற்கு மூச்சும் சடங்கும் பழக்கமும் உதவும். ஆட்டம் முடிந்த பிறகும், இரவிலும், மறுநாளும் விடாமல் தொடரும் அச்சமும் சோர்வும் வேறு. அவை நோய். அங்கே 'மனத்தைத் திடப்படுத்திக்கொள்' என்று சொல்வது, கால் முறிந்தவனை ஓடச் சொல்வது போல. ஜப்பானின் நவோமி ஒசாகா 2021இல் பிரெஞ்சுப் போட்டியிலிருந்து பாதியில் விலகி, 2018 முதலே மனச்சோர்வால் அவதிப்பட்டதாகப் பகிரங்கமாகச் சொன்னார். அதற்கு முன்பே, 2012இல், அமெரிக்காவின் மார்டி ஃபிஷ் நியூயார்க்கில் ஃபெடரருடன் ஆடவேண்டிய நாளில் மைதானத்துக்குக் காரில் போகும் வழியில் பேரச்சத்துக்கு ஆளாகி, ஆடாமலே விலகினார். மருத்துவரிடம் சென்றார். பதற்ற நோய் என்று பெயர் சொல்லப்பட்டது, சிகிச்சை நடந்தது. 2015இல் அவர் எல்லாவற்றையும் வெளிப்படையாக எழுதினார். அதே ஆண்டு, விடைபெறுவதற்காக அதே நியூயார்க் போட்டிக்குத் திரும்பி வந்தார். முதல் சுற்றில் வென்றார். இரண்டாம் சுற்றில் ஐந்து செட் ஆடித் தோற்றார். அன்று அவரைத் தடுத்தது காலில் வந்த தசைப்பிடிப்பு.